ஏசி டன் பத்தலையா? மாற்றுவதற்கு முன் அறிகுறியைப் பாருங்கள்

"ஏனுங்க, ஒன்றரை டன் போட்டும் ரூமு குளுரவே மாட்டேங்குது, ரெண்டு டன் மாத்திக்கலாமுங்களா?"

சித்திரை பிறந்துவிட்டால் ஈரோடு, கரூர், பல்லடம், பெருந்துறை என்று எந்தப் பக்கம் போனாலும் இதே கேள்விதான். அதே வீட்டுப் பிள்ளைகள் சென்னையிலோ தூத்துக்குடியிலோ கடலோரமாக ஒரு ஃபிளாட் வாங்கிக் குடி போனதும், இங்கே பழகிய கணக்கை அப்படியே அங்கே தூக்கிக்கொண்டு போகிறார்கள். அங்கிருந்து வரும் புகார் வேறு மாதிரி இருக்கும். "குளுருது மாமா, ஆனா ஒடம்பெல்லாம் பிசுபிசுன்னு இருக்கு, தலகாணியெல்லாம் ஈர நாத்தம் அடிக்குது." இந்த இரண்டு பேருக்கும் கடையில் கிடைக்கும் பதில் ஒன்றே ஒன்று: அரை டன் கூட்டிப் போடுங்கள். முதல் வீட்டில் அது பெரும்பாலும் வீண் செலவு. இரண்டாவது வீட்டிலோ, இருக்கிற தொல்லையை அது இன்னும் பெரிதாக்கும்.

ஏன் என்று தெரிந்துகொண்டால் மீதியெல்லாம் சுலபம். ஏசி என்பது அறைக்குள் இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டும் ஒரு ஹீட் பம்ப். எவ்வளவு வேகமாகக் கொட்டும் என்பதன் அளவுதான் டன். அந்தச் சூடு இரண்டு வடிவத்தில் இருக்கிறது. தெர்மாமீட்டரில் தெரிகிற சூடு ஒன்று, காற்றில் கலந்திருக்கும் நீராவி இன்னொன்று. நீராவியைத் தண்ணீராக்கி டிரெயின் பைப்பில் விடுவதற்கும் ஏசி தன் சக்தியைத்தான் செலவழிக்கிறது. கரூரில் ஏப்ரல் மதியம் 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கிலோ காற்றில் 12, 13 கிராம் தண்ணீர் இருக்கும். அதே நேரம் கடலோரத்தில் 33 டிகிரி, 70 சதவீதம் என்றால் 22 கிராம். நாம் சுகமாகத் தூங்க வேண்டிய 25 டிகிரி, 55 சதவீத அறையில் இருப்பது சுமார் 11 கிராம். ஆக, உள்ளே நுழையும் ஒவ்வொரு கிலோ காற்றிலிருந்தும் இங்கே பிரித்தெடுக்க வேண்டியது ஒன்றிரண்டு கிராம், அங்கே பதினொன்று. கடலோரத்தில் வெயில் 5 டிகிரி குறைவுதானே, சின்ன ஏசி போதும் என்றும் சொல்ல முடியாது, நம் ஊர்ப் பழக்கத்தில் பெரிதாகப் போட்டால் நல்லது என்றும் சொல்ல முடியாது. அங்கே வேலையே வேறு.

கையில் என்ன இருக்க வேண்டும்

வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரு பக்கெட். வோல்ட்டேஜ் பார்க்க மல்டிமீட்டர், அது உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனை விட்டுப் பாருங்கள், சாக்கெட்டில் நீங்களே கம்பியை விட்டுப் பார்க்க வேண்டாம்.

முதல் சோதனை எல்லா அறிகுறிக்கும் பொது. ஃபில்டரைக் கழுவி மாட்டிவிட்டு, ஏசியை 18 டிகிரியில் வைத்து, ஃபேனை முழு வேகத்தில் விட்டு, 20 நிமிடம் ஓட விடுங்கள். இன்டோர் யூனிட்டின் மேல்பக்கம் உள்ளே போகும் காற்றின் வெப்பத்தையும், கீழே வெளியே வரும் காற்றின் வெப்பத்தையும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 8 முதல் 12 டிகிரி வரை வித்தியாசம் இருந்தால் யந்திரம் தன் வேலையைச் செய்கிறது. கடலோரத்தில் காற்று ரொம்ப ஈரமாக இருக்கும் நாளில் இது கொஞ்சம் குறைவாகக் காட்டும், அது கோளாறு ஆகாது. ஆனால் 4, 5 டிகிரிதான் வருகிறது என்றால் டன் பற்றிப் பேசவே வேண்டாம். உங்களுக்குத் தேவை சர்வீஸ்.

அறிகுறி: மதியம் 2 மணியிலிருந்து 6 மணி வரை குளிரவில்லை, விடிகாலையில் போர்வை கேட்கிறது

கொங்குப் பகுதியில் அதிகம் வருவது இதுதான். நல்ல வெயில் நாளில் மாலை 4 மணிக்கு ஏசி நிற்காமல் ஓடுகிறது, அறை 25, 26 டிகிரியில் நிற்கிறது என்றால் உங்கள் ஏசி மிகச் சரியான அளவு. நிற்காமல் ஓடுவதைப் பார்த்துத்தான் பலர் பயந்துவிடுகிறார்கள். வருடத்தின் மிகச் சூடான நேரத்தில் முழு மூச்சாக ஓடவும், மற்ற நேரம் அடங்கி ஓடவும் வேண்டும் என்றுதான் அளவு பார்ப்பதே. மாலை 4 மணிக்கும் அது ஓய்வெடுக்கிறது என்றால் தேவைக்கு மேல் பெரிதாக வாங்கியிருக்கிறீர்கள்.

29, 30 டிகிரிக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது என்றால், அவுட்டோர் யூனிட் இருக்கும் இடத்தை முதலில் போய்ப் பாருங்கள். கம்பெனிக்காரர்கள் சொல்லும் டன் கணக்கு வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளந்தது. அதற்கு மேலே ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ ஒரு சதவீதம் சக்தி குறையும். ஊரில் 40 டிகிரி என்றால் பரவாயில்லை, தாங்கும். ஆனால் இரண்டு வீட்டுக்கு நடுவே இரண்டடிச் சந்தில், எதிர்ச் சுவரைப் பார்த்து மாட்டியிருந்தால், அது விடும் சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டு 48, 50 டிகிரிக் காற்றில் வேலை செய்யும். மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் மூலையில் ஒட்டி வைத்தாலும் இதே கதைதான். வெளியே தள்ளும் பக்கம் குறைந்தது ஐந்தாறு அடி திறப்பும், பின்னால் ஓரடி இடமும் கொடுங்கள். மேலே நிழல் போடலாம், ஆனால் காற்றை அடைக்கிற மாதிரி பெட்டி கட்டிவிடக் கூடாது. அழகுக்காகச் சுற்றிலும் கிரில் ஜாலி வைத்து மூடுவது இப்போது ஒரு பழக்கமாகியிருக்கிறது, அது ஏசியின் மூக்கைப் பொத்துகிற வேலை.

அவுட்டோர் சரியாக இருக்கிறது என்றால் மேற்குச் சுவரும் ஜன்னலும். மேற்கு ஜன்னலில் வெயில் நேராக உள்ளே விழுந்தால் நாலுக்கு நாலு அடி ஜன்னல் ஒன்றே 600 வாட் வரை சூடு கொண்டுவரும். உள்ளே திரை போட்டால் பாதிதான் தடுக்கும், ஏனென்றால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்தாயிற்று. வெளியே மூங்கில் தட்டியோ நிழல் வலையோ கட்டுங்கள், செலவும் கம்மி.

அறிகுறி: பொழுது சாய்ந்த பிறகும், இரவு 8 முதல் 11 வரை குளிரவில்லை

இதற்கு இரண்டு காரணம், இரண்டும் ஒன்றாகவே வரும், அதனால்தான் ஆட்கள் குழம்புகிறார்கள்.

ஒன்று கூரை. காலையிலிருந்து வெயில் குடித்த தார்சு, அதாவது கான்கிரீட் கூரை, அடுப்பை அணைத்த பிறகும் சுடும் தோசைக்கல் மாதிரி, மாலையில் தொடங்கி இரவு வரைக்கும் உள்பக்கம் சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். கையைத் தூக்கிச் சீலிங்கைத் தொட்டுப் பாருங்கள், நாற்காலி போட்டாவது. கை பொறுக்காத அளவு சூடு இருந்தால் குற்றவாளி அதுதான். மேல்மாடி அறையில் உச்ச நேரச் சூட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூரையிலிருந்தே வரும் என்பது என் கணக்கு. அரை டன் கூடுதல் ஏசிக்குக் கொடுக்கும் பணத்தில் மொட்டை மாடிக்கு வெள்ளைக் கூல் ரூஃப் பெயின்ட் அடித்துவிடலாம், அது ஏசி ஓடாத நேரத்திலும் வீட்டைக் காக்கும், மின்சாரமும் கேட்காது. அது அழுக்கேற அழுக்கேறப் பலன் குறையும், ஆகவே பங்குனியில் ஒரு தடவை கழுவிவிட்டு, தேவைப்பட்டால் மறு கோட் அடிக்க வேண்டும். சிமெண்ட் ஷீட் வீட்டுக்கு ஏசி போடுகிறவர்கள் கீழே ஃபால்ஸ் சீலிங் போட்டு, ஷீட்டுக்கும் அதற்கும் நடுவே இன்சுலேஷன் கொடுக்காமல் டன் கணக்கே பார்க்க வேண்டாம், எத்தனை டன் போட்டாலும் அது தின்றுவிடும்.

இன்னொன்று வோல்ட்டேஜ். தோட்டத்து வீடு, லைனில் கடைசி வீடு, பக்கத்தில் விசைத்தறிக் கூடம், கிணற்று மோட்டார் ஓடுகிற நேரம், எல்லா வீட்டிலும் ஏசி போடும் இரவு 9 மணி. இதெல்லாம் சேர்ந்தால் 230 இருக்க வேண்டியது 180-க்கு வந்துவிடும். இன்வெர்ட்டர் ஏசி, அதாவது தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் ஏசி, அதிலும் ஓடும், நிற்காது, ஆனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்து ஓடும். ஓடுகிறதே என்று நாம் வோல்ட்டேஜைச் சந்தேகிப்பதில்லை. ஏசி சாக்கெட்டில் ஏசி அணைந்திருக்கும்போது ஒரு முறை, முழு வேகத்தில் ஓடும்போது ஒரு முறை அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் 10 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் என்றால் உங்கள் வீட்டு வயர் மெலிசு, அல்லது எங்கோ ஜாயின்ட் லூஸ், சூடாகிக்கொண்டிருக்கும், உடனே பாருங்கள். ஏசி அணைந்திருக்கும்போதே 190 என்றால் அது லைன் கோளாறு, மின்வாரியத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியது. இப்படிப்பட்ட லைனில் இரண்டு டன் மாட்டினால் நிலைமை மோசமாகும், நன்றாகாது.

அறிகுறி: போன வருடம் நன்றாக இருந்தது, இந்த வருடம் எந்நேரமும் சுரத்தில்லை

அறை மாறவில்லை, வெயிலும் பெரிதாக மாறவில்லை, அப்புறம் டன் எப்படிக் குறையும்? அடைப்பு, அல்லது குழாய்க்குள் சுற்றும் குளிரூட்டும் கேஸ் குறைந்திருக்கும்.

திருப்பூர்ப் பக்கம் பஞ்சுத் தூசு. பனியன் கம்பெனியோ தறியோ பக்கத்தில் இருந்தால் அவுட்டோர் காயிலின் (குழாய்ச் சுருளின்) பின்பக்கம் மெத்தை மாதிரிப் பஞ்சு ஒட்டியிருக்கும், முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது, பின்னால் போய் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் என்றால் தென்னை நார்த் தூள், அது ஈரத்தில் ஊறிக் காய்ந்து ஃபின்களுக்கு, அதாவது காயிலின் மெல்லிய தகடுகளுக்கு, நடுவே இறுகிவிடும். நாமக்கல்லில் கோழிப் பண்ணைக்கு அருகே தீவனத் தூசோடு அம்மோனியாவும் சேரும், அம்மோனியா தாமிரத்தையும் பித்தளையையும் அரிக்கும், அதனால் அங்கே கழுவுவதோடு நிற்காமல் பைப் நட்டுகளில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். கழுவும்போது பவரை மெயினில் அணைத்துவிட்டு, தண்ணீரை மெதுவாக, ஃபின் வளையாமல் அடியுங்கள். உப்புத் தண்ணீர் போர்வெல்லாக இருந்தால் நல்ல தண்ணீரால் கடைசியாக ஒரு தடவை அலசிவிடுங்கள்.

கேஸைப் பொறுத்தவரை ஒன்றை மனதில் வையுங்கள். கேஸ் பெட்ரோல் மாதிரிச் செலவாகிற பொருள் இல்லை, அது சுற்றிச் சுற்றி வரும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ லீக். லீக்கைக் கண்டுபிடிக்காமல் வருடா வருடம் கேஸ் அடித்துவிட்டுப் போகிறவர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். இன்டோர் காயிலில் பனி கட்டினால் கேஸ் குறைவு அல்லது ஃபில்டர் அடைப்பு, முதலில் ஃபில்டரைக் கழுவிப் பாருங்கள். தண்ணீர் உள்ளே சொட்டினால் அனேகமாக டிரெயின் அடைப்பு, அளவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அறிகுறி: சித்திரையில் நன்றாகக் குளிர்ந்தது, ஆடியில் திணறுகிறது

பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வாசிகள் மட்டும் படித்தால் போதும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜூன் தொடங்கி வீசும்போது மேற்குப் பார்த்த ஜன்னல் இடுக்கு, கதவுக்கு அடியில், பாத்ரூம் வென்டிலேட்டர் என்று எல்லாவற்றிலும் காற்று புகும். பாத்ரூம் கதவைச் சாத்தி, வென்டிலேட்டரை மூடி, கதவடியில் ரப்பர் பட்டை ஒட்டினால் பாதி சரியாகிவிடும். இன்னொன்று, அவுட்டோர் யூனிட் மேற்குப் பார்த்து இருந்தால் அதன் ஃபேன் வெளியே தள்ளுகிற காற்றை இந்தக் காற்று திரும்ப உள்ளே தள்ளும். அணைத்து வைத்திருக்கும்போது ஃபேன் தானாகப் பின்பக்கமாகச் சுற்றுவதை நீங்களே பார்க்கலாம். வடக்கு அல்லது தெற்கு பார்க்கத் திருப்பி மாட்டுங்கள், முடியாவிட்டால் இரண்டு மூன்றடி தள்ளி ஒரு தடுப்பு நிறுத்துங்கள்.

அறிகுறி: குளிர்கிறது, ஆனால் பிசுபிசுப்பு, ஈர நாற்றம், பீரோவில் பூஞ்சை

கடலோர வீட்டின் நோய் இது. இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர் அனுபவத்தை வைத்து இதைப் புரிந்துகொள்ளவே முடியாது, நம் ஊரில் ஐப்பசி மழையில் பத்து நாள் வந்துபோகிற விஷயம் அங்கே வருடத்தில் பாதிக்கு மேல் இருக்கிறது.

ஏசி ஓடத் தொடங்கியதும் உள்காயில் குளிர்ந்து, அதன்மேல் ஈரம் படிந்து, துளியாகத் திரண்டு, தட்டில் விழுந்து, பைப் வழியே வெளியேற சில நிமிடங்கள் ஆகும். அளவுக்கு மீறிய ஏசி அந்தச் சில நிமிடத்துக்குள் அறையை 24 டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டு நின்றுவிடும். ஃபேன் மட்டும் ஓடும். காயிலில் படிந்த ஈரம் வெளியே போகாமல் அதே ஃபேன் காற்றில் ஆவியாகித் திரும்ப அறைக்குள்ளேயே வரும். பத்து நிமிடம் கழித்து மறுபடி இதே கூத்து. இன்வெர்ட்டர் ஏசியில் நின்று நின்று ஓடுவது குறைவு, ஆனால் வேறு விதமாக இதே தொல்லை வரும். அது மிகவும் அடங்கி ஓடும்போது காயில் போதுமான அளவு குளிர்வதில்லை, காற்று குளிரும், ஈரம் படியாது. தெர்மாமீட்டர் 24 என்று சிரித்துக்கொண்டிருக்கும், ஈரப்பதம் 75-ல் நிற்கும். உடனே நாம் என்ன செய்கிறோம், குளிர் பத்தவில்லை என்று 20-க்கு இறக்குகிறோம். சுவரும் மெத்தையும் இன்னும் குளிர்ந்து, கதவு திறக்கும்போது வருகிற கடல் காற்று அதன்மேல் பட்டு வியர்த்து, பூஞ்சை பிடிக்கிறது.

இரவில் இது ஏன் இன்னும் மோசமாகிறது என்பதையும் பாருங்கள். வெயில் போனதும் சூட்டு வேலை பாதிக்குக் கீழே இறங்கிவிடுகிறது. ஈர வேலை அப்படியே இருக்கிறது, வெளிக்காற்றில் அதே 22 கிராம், அதோடு தூங்குகிற இரண்டு பேரின் மூச்சும் வியர்வையும். நடு மாடி ஃபிளாட்டில் இரவில் தெர்மாமீட்டர் சூடு 500 வாட் என்றால் ஈரத்துக்கு 350 வாட் தேவைப்படும். சாதாரண ஏசி தன் சக்தியில் நாலில் ஒரு பங்கைத்தான் ஈரத்துக்குக் கொடுக்கும். அந்த அறையில் 5,000 வாட், அதாவது ஒன்றரை டன் யந்திரத்தை மாட்டினால் அது எங்கே போய் ஈரத்தை எடுக்கும்?

உறுதி செய்ய பக்கெட் சோதனை. இரவு படுக்கும் முன் டிரெயின் பைப்பின் வெளி முனையை ஒரு பக்கெட்டில் விட்டு, ஒரு மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் விழுந்தால் ஏசி சுமார் 680 வாட்டை ஈரம் எடுப்பதற்கே கொடுத்திருக்கிறது என்று பொருள், அதாவது ஒரு டன்னில் ஐந்தில் ஒரு பங்கு. கடலோரத்தில் மூடிய படுக்கையறையில் அரை லிட்டராவது விழ வேண்டும். மீட்டர் 70 சதவீதத்துக்கு மேல் காட்டுகிறது, பக்கெட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்தான் இருக்கிறது என்றால் ஏசி பெரிது. அதற்கு மாறாக, பக்கெட் நிறைந்து வழிகிறது, ஈரப்பதமும் இறங்கவில்லை என்றால் ஏசியின் மேல் தப்பில்லை, வெளிக்காற்று எங்கிருந்தோ உள்ளே கொட்டுகிறது. பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஓடிக்கொண்டே இருக்கிறதா, பால்கனி ஸ்லைடிங் கதவின் இடுக்கில் ஊதுபத்திப் புகை ஆடுகிறதா என்று பாருங்கள். நம் ஊரில் அதே சோதனை செய்தால் ஏப்ரலில் ஒரு மணி நேரத்தில் ஒரு டம்ளர், இரண்டு டம்ளர்தான் விழும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பிரித்தெடுக்க இங்கே ஈரமே இல்லை.

ஏற்கெனவே பெரிதாக வாங்கியாயிற்று, என்ன செய்வது? ஃபேன் வேகத்தைக் குறைத்து வையுங்கள், மெதுவாகப் போகும் காற்று காயிலில் அதிகம் குளிர்ந்து அதிக ஈரத்தை விடும். தூங்கும் முன் அரை மணி நேரம் டிரை மோடு. சில மாடல்களில் சக்தியை 60, 80 சதவீதம் என்று கட்டுப்படுத்தும் வசதி உண்டு, அதில் சிறியதைத் தேர்ந்தெடுங்கள். இடுக்குகளை அடையுங்கள். அதற்கும் மேலே 65 சதவீதத்துக்குக் குறையவில்லை என்றால் தனியாக ஒரு டீஹியூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை மட்டும் எடுக்கும் யந்திரம்) வாங்குவது ஏசியை மாற்றுவதைவிட மலிவு. புதிதாக வாங்குகிறவர்கள் கடலோரப் படுக்கையறைக்கு, தேவைப்படும் அளவுக்கு ஒட்டினாற்போல வாங்குங்கள், பாதுகாப்புக்கு என்று அரை டன் கூட்டாதீர்கள்.

இங்கே ஏர் கூலர் பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரலில் நம் காய்ந்த காற்றில் கூலர் பிரமாதமாக வேலை செய்யும், 38 டிகிரி, 30 சதவீதக் காற்றைத் தண்ணீரால் 26, 27 டிகிரி வரை கொண்டுவரலாம். அதைப் பார்த்துவிட்டு, ஊரிலிருந்து பையன் வீட்டுக்கு ஒரு கூலரை லாரியில் ஏற்றி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கடலோரத்தில் அது ஈரத்தைக் கூட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்யாது. ஏசி அறையில் கூலர் போடுவதோ தண்ணீர்ப் பாத்திரம் வைப்பதோ எந்த ஊரிலும் வேண்டாம்.

அறிகுறி: கடலோர வீட்டில் இரண்டு வருடத்துக்குள் அவுட்டோர் துரு, அடிக்கடி கேஸ் காலி

அளவுக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஆனால் டன் பத்தவில்லை என்ற புகாராகத்தான் வந்து சேரும். தாமிரக் குழாயும் அலுமினிய ஃபின்னும் தொடும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப் பொடியாகும். ஃபின் போனால் சூட்டை வெளியேற்ற வழியில்லை, ஒன்றரை டன் ஒரு டன்னாகிவிடும். வாங்கும்போதே ஃபின்னுக்குப் பாதுகாப்புப் பூச்சு இருக்கிறதா என்று கேளுங்கள். கடலைப் பார்த்த சுவரில் மாட்டாமல் கட்டிடத்தின் மறைவுப் பக்கம் மாட்டச் சொல்லுங்கள், பைப் நீளம் இரண்டு மீட்டர் கூடினாலும் சரி. மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். மழை படாத மூலையில் இருக்கும் யூனிட்தான் சீக்கிரம் கெடும், மழை உப்பைக் கழுவுகிறது என்பதால்.

அறிகுறி: குளிர்ச்சி சரி, பில்தான் கட்டுப்படியாகவில்லை

24, 25-ல் வைத்து, மெதுவாக ஃபேனும் போட்டுப் பாருங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பிஇஇ சொல்லும் கணக்கு. நம் மாநிலத்தில் இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும், அதனால் கொஞ்சம் குறைத்தாலும் பில்லில் பெரிதாகத் தெரியும் மாதங்கள் உண்டு.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் குளிரவில்லை

அப்போது நிஜமாகவே அளவு சின்னது. சதுரடியை மட்டும் வைத்துச் சொல்வதை நம்பாமல் நீங்களே ஒரு கூட்டல் போடுங்கள். மேல்மாடியில் 12-க்கு 12 அறை, 10 அடி உயரம், மேற்குச் சுவரில் வெயில். கூரை 800 வாட், மேற்குச் சுவர் 300 சொச்சம், மற்ற சுவர்கள் 250, ஜன்னல் திரையோடு 300, இரண்டு பேர் 250, ஃபேன் டிவி விளக்கு 150, இடுக்குக் காற்று 200 வரை. எல்லாம் சேர்ந்து இரண்டேகாலிலிருந்து இரண்டரை கிலோவாட். ஒரு டன் என்பது 3,517 வாட். வெயிலுக்கான இழப்பைக் கழித்தாலும், மதியம் சூடான அறையை வேகமாக இறக்கத் தேவையான மிச்சத்தையும் வைத்துக்கொண்டு, ஒழுங்கான ஒரு டன் இதற்குப் போதும். அதே அறை கீழ்மாடியில், வெயில் படாத சுவர்களோடு இருந்தால் இதில் பாதிதான். ஹாலும் டைனிங்கும் கதவில்லாமல் ஒன்றாக இருக்கும் 300 சதுரடிக்கு, மாடிப்படியும் அதற்குள்ளேயே திறந்திருந்தால், இரண்டு டன்னும் பத்தாது, அங்கே படிக்கு ஒரு கதவு போடுவதுதான் வழி.

கடையில் டன் என்று கேட்காமல் ஸ்டார் லேபிளில் இருக்கும் வாட்டைப் பாருங்கள். முழு ஓட்டத்தில் எத்தனை வாட், பாதி ஓட்டத்தில் எத்தனை வாட் என்று இரண்டு எண் இருக்கும். ஒன்றரை டன் என்று விற்பவற்றில் 4,700 வாட் யந்திரமும் இருக்கிறது, 5,200 வாட் யந்திரமும் இருக்கிறது. ஈரோட்டு மேல்மாடி என்றால் பெரிய எண்ணைப் பாருங்கள். கடலோரப் படுக்கையறை என்றால் எவ்வளவு சின்னதாக இறங்கி ஓட முடியும் என்று கேளுங்கள், குறைந்தபட்ச வாட் கேட்லாக்கில் எழுதியிருக்கும்.

வால்பாறையில் வீடு கட்டுகிறவர்கள் சூடும் தரும் மாடல் பற்றிக் கேட்கிறார்கள். அதே ஹீட் பம்ப்தான், வால்வு திரும்பினால் வெளிச் சூட்டை உள்ளே கொண்டுவரும். அங்கே அளவைக் குளிர்காலத்து அதிகாலையை வைத்துப் பாருங்கள், கோடை மதியத்தை வைத்து அல்ல. வெளியே 5 டிகிரியை ஒட்டி இறங்கி ஈரமும் இருந்தால் அவுட்டோர் காயிலில் பனி படியும், அதை உருக்க ஏசி நடு நடுவே சில நிமிடம் சூடு தருவதை நிறுத்தும், அப்போது வெளி யூனிட்டிலிருந்து புகை மாதிரி ஆவி வரும். அது கோளாறு இல்லை, மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதில்லை.